46 ஆண்டுக்குப் பின் வந்த ‘சக்தி’

டோம்பிவிலி கிழக்கில் ஒரு மூன்றாம் மாடி வீடு. அங்கே குடியிருக்கும், எழுபது வயதைக் கடந்த தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் பழைய கேஸட் ஒன்று இருக்கிறது. அறுபது நிமிட நாடா. அட்டையின் மேல் நீல மையால் ‘சக்தி - 1978’ என்று எழுதி வைத்திருக்கிறார். நாடா இரண்டு இடங்களில் அறுந்து ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க இப்போது வீட்டில் கருவி கிடையாது. இருந்தாலும் தூக்கி எறிய மனம் வரவில்லை.

அதே வீட்டில், அவருடைய மகளின் கைபேசியில் ‘திஸ் மொமென்ட்’ என்ற ஆல்பம் இருக்கிறது. 2023 ஜூன் 30 அன்று வெளிவந்தது. அதுவும் ‘சக்தி’ குழுவின் படைப்புத்தான். ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்றே தயாரித்த ஆல்பம் என்று பார்த்தால், அந்தக் குழு 1977-க்குப் பிறகு, அதாவது 46 ஆண்டுகளுக்குப் பிறகு கொண்டு வந்தது அது.

இத்தனை காலம் காத்திருந்த ரசிகர் மகிழ்ச்சியில் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? அவர் மகிழ்ந்ததும் உண்மை. கோபித்துக்கொண்டு கைபேசியை மகளிடம் திருப்பிக் கொடுத்ததும் உண்மை.

யார் இந்தச் சக்தி?

கிடார் என்றால் காதைப் பிளக்கும் மின்சாரக் கிடார், டிரம்ஸ் என்றால் இடி முழக்கம் என்றிருந்த காலம் அது. 1970-களின் தொடக்கத்தில் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவை நடத்தி அப்படிப்பட்ட இசையில் கொடிகட்டிப் பறந்தவர் ஜான் மெக்லாலின். 1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். புகழின் உச்சியில் இருந்தபோதே அதை விட்டுவிட்டு, மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரக் கிடார் வாசிக்க வந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றவர் அவர்.

கூட உட்கார்ந்தவர்கள் யார்? வயலினுக்கு எல்.சங்கர். வயலின் வித்வான் வி.லட்சுமிநாராயணாவின் மகன், எல்.வைத்தியநாதன், எல்.சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. கடத்துக்கு விக்கு விநாயகராம். மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். தபலாவுக்கு ஜாகிர் உசேன்; மும்பை மாஹிமில் பிறந்து வளர்ந்தவர், உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன். ஐந்து பேரில் மூன்று பேர் கர்நாடக இசை வித்வான்கள். வடக்கும் தெற்கும் மேற்கும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்த அதிசயம் அது.

கமகம் வாசிக்க வேண்டும் என்பதற்காக மெக்லாலின் தம் கிடாரையே மாற்றி அமைத்துக்கொண்டார். மெட்டுகளுக்கு நடுவே உள்ள கட்டையைக் குழிவாகச் செதுக்கச் செய்தார். அப்போதுதான் வீணையில் இழுப்பது போலத் தந்தியை அழுத்தி இழுக்க முடியும். கிடாரின் வயிற்றுப் பகுதியில் குறுக்காகச் சில தந்திகளைக் கட்டி, சுருதிக்கும் வழி செய்துகொண்டார்.

முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் உள்ள சவுதாம்ப்டன் என்ற ஊரின் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவு. வெளிவந்தது 1976-ல். ஒரு பக்கத்தில் இரண்டு உருப்படிகள். மறு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறத்தாழ 29 நிமிடம். அதற்குப் பிறகு ராகவன் இல்லாமல் நால்வராக இரண்டு ஆல்பங்கள். 1978-ல் குழு கலைந்துவிட்டது.

ஆக மொத்தம் மூன்றே இசைத்தட்டுகள். ஆனால் அவை செய்த காரியம் பெரிது. பக்கவாத்தியம் என்று மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கடம், உலக மேடையின் நடுவே வந்து உட்கார்ந்தது.

லேபர் கேம்ப்பில் ஒரு ஞாயிறு

பெரியவர் 1974-ல் மானாமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தட்டச்சு ‘ஹையர்’ தேர்ச்சியை மட்டும் நம்பி அன்றைய பம்பாய்க்கு ரயில் ஏறியவர். கோட்டைப் பகுதியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஜாகை மாட்டுங்கா லேபர் கேம்ப். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எட்டுப் பேர். இரவு ஷிப்ட்காரர் எழுந்து போனால்தான் பகல் ஷிப்ட்காரருக்குப் படுக்க இடம். அங்கே இருந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அறையில் மூத்தவர் திருநெல்வேலிக்காரர், தையல் தொழில். எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. சங்கீதப் பைத்தியம். சயானில் உள்ள சண்முகானந்தா அரங்கில் கச்சேரி என்றால், உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்றாவது கேட்டுவிட்டு வருவார்.

1978-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சந்தில் குடியிருந்த தூத்துக்குடிக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு பயணம் முடிந்து வந்தபோது ரெக்கார்டு பிளேயரும் பத்துப் பதினைந்து இசைத்தட்டுகளும் கொண்டுவந்திருந்தார். அவற்றில் ஒன்று சக்தியின் முதல் தட்டு. அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து, ஸ்பீக்கருக்கு எதிரே வைத்து, “யாரும் பேசப்படாது” என்று உத்தரவு போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

இளைஞர் அதுவரை சபைக் கச்சேரி எதையும் கேட்டதில்லை. கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டதுதான். ஆனால் கடத்தின் முதல் அடி விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, இது பானைச் சத்தமில்ல? எங்க ஊருப் பக்கம் செய்வாங்களே!”

“பானைதான் தம்பி. பேசாம கேளு.”

கடம் செய்வதில் மானாமதுரைக்குத் தனிப் பெயர் உண்டு. அந்த ஊர் மண்ணில் செய்து, தட்டித் தட்டி இறுக்கிச் சுட்ட கடம் கனமாக இருக்கும். தட்டினால் உலோகம் போலக் கணீரென்று பேசும். அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிறு வயதில் குயவர் வீட்டு வாசலில் நின்று அந்தத் தட்டும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர், அதே ஓசையை அமெரிக்காவில் பதிவான இசைத்தட்டில், பம்பாய்க் குடிசையில் உட்கார்ந்து கேட்டார். ஊரை விட்டு வந்த நான்கு ஆண்டில் முதல் தடவையாகத் தன் ஊர் சின்ன ஊர் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியதாம்.

தட்டின் இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கடமும் தபலாவும் மிருதங்கமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்த நேரம். சந்தில் ஒரு பையன் “தண்ணி வந்தாச்சு!” என்று கத்திக்கொண்டு ஓடினான். அறையில் யாரும் அசையவில்லை. அண்ணாச்சிதான் இருமிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “இங்கே கடம் வாசிக்குது, அங்கே குடம் காத்துக் கிடக்குது. எவனாவது ஒருத்தன் போங்கலே.”

அத்தனையும் நாடாவில் பதிவாகிவிட்டது. பையனின் கூச்சல், ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம், அண்ணாச்சியின் இருமல், அந்த வார்த்தைகள், எட்டுப் பேரின் அடக்கிய சிரிப்பு. பெரியவர் ஆயிரம் தடவையாவது கேட்ட சக்தி அதுதான். பிற்காலத்தில் சுத்தமான பதிவைக் கேட்டபோது, அந்த இடம் வந்ததும் பையன் கத்தவில்லையே என்று காது தேடியதாம்.

வந்தவர்களும் போனவர்களும்

1997-ல் சக்தி வேறொரு வடிவில் உயிர் பெற்றது. மெக்லாலினும் ஜாகிர் உசேனும் விநாயகராமும், புல்லாங்குழலுக்கு ஹரிபிரசாத் சௌராசியாவும் சேர்ந்து இங்கிலாந்தில் கச்சேரிகள் செய்தார்கள். அந்தப் பதிவு 1999-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் வந்தது. வயலின் இல்லையே என்ற குறை பெரியவருக்கு இருந்தாலும், விக்குவின் கடம் இருந்தது, பொறுத்துக்கொண்டார்.

அடுத்த மாற்றம்தான் அவருக்குக் கசந்தது. கடம் இருந்த இடத்துக்கு விநாயகராமின் மகன் வி.செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். புல்லாங்குழலின் இடத்துக்கு மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் வந்தார். “மாண்டலினாவது, சக்தியாவது! வயலின் இழைகிற இடத்தில் இதைக் கொண்டுவந்து வைத்தால் எடுபடுமா?” என்று அண்ணாச்சியிடம் சண்டையே போட்டார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு, “கொஞ்சம் பொறுத்துக் கேளு தம்பி” என்று மட்டும் சொன்னார்.

2000 டிசம்பரில் மும்பையிலேயே கச்சேரி நடந்தது. ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ என்ற பெயரில் மறு ஆண்டு ஆல்பமாக வந்தது அந்தக் கச்சேரிதான். சங்கர் மகாதேவனின் குரலும் ஏ.கே.பழனிவேலின் தவிலும் அதில் உண்டு. பெரியவர் போகவில்லை. கம்பெனியில் தணிக்கை நேரம். அண்ணாச்சிக்கோ கல்யாண சீசன் தையல். இரண்டு பேரும் பிறகு கேஸட் வாங்கித்தான் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் பெரியவர் மாண்டலின் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். ஓராண்டுக்குள் ஸ்ரீநிவாஸ் அவருக்கு வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார்.

அண்ணாச்சி 2005-ல் மெஷினை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். 2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45 தான். கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் பிழைக்கவில்லை. அன்று இரவு இரண்டு பேரும் தொலைபேசியில் வெகு நேரம் பேசினார்கள். 2019-ல் அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். செய்தி வந்தபோது காரியம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

போகாத கச்சேரி

தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைவதைக் கொண்டாட, சக்தி 2023-ல் உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டது. ஜனவரியில் இந்தியா. மும்பையிலும் கச்சேரி. மெக்லாலின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன். ‘கணேஷ்-குமரேஷ்’ சகோதரர்களில் மூத்தவர்தான் இந்தக் கணேஷ்.

இந்த முறை தணிக்கை இல்லை, கம்பெனியும் இல்லை. ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. தானேயில் வங்கியில் வேலை பார்க்கும் மகள், “டிக்கெட் எடுத்துடட்டுமாப்பா?” என்று கேட்டாள்.

“விக்கு இல்லை, எல்.சங்கர் இல்லை, ஸ்ரீநிவாஸ் இல்லை. பேரை மட்டும் சக்தின்னு வெச்சுக்கிட்டா ஆச்சா? இந்த வயசுல கூட்டத்துல இடிபட்டு அதைப் போய்க் கேட்கணுமா?” என்று சொல்லிவிட்டார்.

மகள் மறுபடி கேட்கவில்லை. கச்சேரி நடந்தது. மறுநாள் பத்திரிகையில் படத்தைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

நான்கு குறைகள்

ஐந்து மாதம் கழித்து ஆல்பம் வந்தது. எட்டு உருப்படிகள். மகள் காதில் மாட்டிவிட்ட கருவியோடு பெரியவர் அதை மூன்று நாளில் நான்கு தடவை கேட்டார். கேட்டுவிட்டுக் குறைகளை ஒவ்வொன்றாக, கணக்குப் பிரிவில் நோட்டு எழுதுவது போல, எடுத்து வைத்தார்.

முதல் குறை, பாட்டு. பழைய சக்தியில் பாடகர் என்று ஒருவர் கிடையாது. ஜதி சொல்வது உண்டு. மற்றபடி வாத்தியங்கள்தாம் பேசின. இதில் சங்கர் மகாதேவன் பாடுகிறார். பெரியவருக்கு அவர் மேல் வருத்தம் எதுவும் இல்லை. செம்பூரில் பிறந்து வளர்ந்த பையன் என்ற பெருமைகூட உண்டு. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பாட வந்தவர். தமிழ்ப் பாட்டுக்கே தேசிய விருது வாங்கியவர். “நல்ல குரல்தான். ஆனா சக்திக்குக் குரல் எதுக்கு?” என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, கிடார். மின்சாரக் கிடாரை விட்டுவிட்டு மரக் கிடாருக்கு வந்ததுதானே சக்தியின் தொடக்கமே? இந்த ஆல்பத்தில் மெக்லாலின் மின்சாரக் கிடாரைத்தான் எடுத்திருக்கிறார். பல இடங்களில் அது கிடார் போலவே ஒலிக்கவில்லை. குழல் போலவும் ஆர்மோனியம் போலவும் நீள்கிறது. தந்தியில் விரல் உராயும் சத்தம் கேட்பதில்லை.

மூன்றாவது, கடம். செல்வகணேஷின் கஞ்சிரா அபாரமானது. உள்ளங்கை அகல வாத்தியத்தில், ஒரே கையால், தவிலுக்கு ஈடான வேகம் காட்டுகிறார் என்பதைப் பெரியவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் காத்திருந்தது விநாயகராமின் கடத்துக்கு.

நான்காவதுதான் பெரிய குறை. இந்த ஆல்பத்துக்காக ஐவரும் ஒன்றாக உட்காரவில்லை. கொரோனா காலத்து வேலை அது. ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்று அவரவர் இருந்த இடத்திலேயே வாசித்து அனுப்பி, பிறகு சேர்த்துத் தொகுத்திருக்கிறார்கள். முதல் தட்டு ஒரு கல்லூரிக் கூடத்தில், ஒரே நாளில், ஜனங்களின் முன்னால் நடந்தது; கைதட்டல் கூடக் கேட்கும். “இதுல தப்பே இல்லை. இருமல் இல்லை, கைதட்டு இல்லை. அளந்து வெட்டித் தெச்ச மாதிரி இருக்கு” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அளந்து வெட்டித் தைப்பது அண்ணாச்சியின் தொழில் அல்லவா!

மகள் கேட்ட கேள்வி

இப்படி நினைக்கும் ரசிகர் இவர் ஒருவர் மட்டுமல்ல. இளமையில் ஒரு குழுவை நேசித்தவர்களுக்கு, அந்தக் குழு வயதான பிறகு கொண்டுவரும் ஆல்பம் எப்போதுமே ஒரு சோதனைதான். பழையது போலவே இருந்தால், ‘அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்’ என்பார்கள். மாறியிருந்தால், ‘இது அவர்களே இல்லை’ என்பார்கள். வாசிப்பவர் இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்தான்.

ஆனால் குறைகளை நிதானமாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மறுபக்கம் உண்டு. சக்தி தன் மூச்சில் பாதியைக் கர்நாடக இசையிலிருந்து எடுத்தது. அந்த இசையில் வயலினும் வீணையும் வாசிப்பதெல்லாம் பாடுவதற்காக ஏற்பட்ட உருப்படிகளைத்தாம். வாய்ப்பாட்டைப் போல வாத்தியம் பேச வேண்டும் என்பதுதான் அங்கே இலக்கணம். அப்படியிருக்க, குரல் வந்து சேர்ந்தால் அது அந்நியம் ஆகிவிடுமா?

தனித்தனியாகப் பதிவு செய்ததைக் குறை என்று சொல்லலாம். ஆனால் தாளத்தில் இம்மி பிசகினாலும் காட்டிக் கொடுத்துவிடும் இசை இது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, வயலினும் கிடாரும் குரலும் ஒரே மூச்சில் ஓடி, ஒரே இடத்தில் வந்து இறங்குகின்றன. இருபது ஆண்டுக்கு மேல் சேர்ந்து வாசித்த பழக்கம் மெக்லாலின், ஜாகிர், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் ஆகியோரிடம் இருந்ததால் அது முடிந்தது.

மகள் இவ்வளவும் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஏம்பா, மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தப்பவும் நீங்க இப்படித்தானே சண்டை போட்டீங்க? அண்ணாச்சி மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே.”

பெரியவர் பதில் சொல்லவில்லை.

“இதுல முதல் உருப்படி பேரு என்னன்னு பாத்தீங்களா?”

அவர் பார்த்திருக்கவில்லை. ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’. ஸ்ரீநிவாஸின் கனவு. மறைந்தவரின் நினைவாக வைத்த பெயர். 46 ஆண்டுக்குப் பிறகு கொண்டுவரும் ஆல்பத்தின் வாசலில், தங்களோடு இல்லாதவரின் பெயரைத்தான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது உருப்படி ‘கிரிராஜ் சுதா’. அது ஸ்ரீநிவாஸ் இருந்த காலத்தில், அந்த மும்பைக் கச்சேரியில் வாசித்தது.

அன்று இரவு மகளிடம் கேட்டு அந்த முதல் உருப்படியை மறுபடி போட்டுக் கேட்டார். மாண்டலின் இருந்த இடம் எது என்று காது தேடியது. ஒரு திருப்பத்தில் கணேஷின் வயலின் தனியே எழுந்தபோது, பையன் கத்தாத இடத்தைத் தேடிய அதே தவிப்பு.

2024 பிப்ரவரி 4 அன்று இந்த ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தது. டோம்பிவிலித் தமிழர்கள் நாலைந்து பேர், இவருடைய பைத்தியம் தெரிந்தவர்கள், போன் செய்து வாழ்த்தினார்கள். “நான் என்ன வாசிச்சேன்?” என்று சிரித்தார். ஆனாலும் அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

டிசம்பர் 15

2024 டிசம்பர் 15. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் ஜாகிர் உசேன் காலமானார். நுரையீரல் நோய். வயது 73.

மாஹிம் என்பது லேபர் கேம்ப்புக்கு அடுத்த பேட்டை. ரயில் பாதையைத் தாண்டினால் போதும். அங்கே செயின்ட் மைக்கேல் பள்ளியில் படித்த பையன் அவர். அண்ணாச்சி அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம், “நம்ம தபலாக்காரப் பிள்ளை ஊரு” என்று கையைக் காட்டுவார். முதல் தட்டிலிருந்து கடைசி ஆல்பம் வரை சக்தியை விட்டு நீங்காதவர்கள் இரண்டே பேர்: மெக்லாலின் ஒருவர், ஜாகிர் உசேன் ஒருவர். அந்த இரண்டில் ஒன்று போய்விட்டது.

‘விக்கு இல்லை, சங்கர் இல்லை’ என்று இல்லாதவர்களின் பட்டியலைச் சொல்லித்தான் பெரியவர் அந்த ஜனவரிக் கச்சேரிக்குப் போகாமல் இருந்தார். இருந்தவர் ஒருவரைப் பார்க்க அது கடைசி வாய்ப்பு என்று அன்றைக்கு அவருக்கு எப்படித் தெரியும்? ரயிலில் ஒரு மணி நேரம் போயிருந்தால் போதும். அந்த விரல்களை ஒரு தடவை நேரில் பார்த்திருக்கலாம்.

“பழசு மேல பாசம்னு நினைச்சேன். பிடிவாதம்தான் அது” என்று மகளிடம் சொன்னார்.

வெளியூர் வந்து பிழைப்பவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புதிதல்ல. ஆண்டுக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறோம். புளியமரம் எங்கே, கீற்றுக் கொட்டகை எங்கே என்று தேடுகிறோம். புதிதாக வந்திருப்பவற்றைப் பார்க்க மனம் ஒப்புவதில்லை. குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே விடுமுறை முடிந்துவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவோடு பேசாமலே வந்துவிட்டோமே என்பது ரயில் ஏறிய பிறகுதான் உறைக்கிறது.

அதற்காகப் பெரியவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். மின்சாரக் கிடார் இன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு உருப்படிகளைத் தள்ளிவிட்டுத்தான் கேட்கிறார். முதல் தட்டுக்கு ஈடாக எதுவும் வராது என்ற தீர்ப்பில் மாற்றம் இல்லை. ஆனால் ‘மோகனம்’ என்ற உருப்படியில் தபலாவின் இடக்கை அடிக்குரலில் பேசும் இடங்கள் வரும்போது, மகளைக் கையமர்த்திவிட்டுக் கேட்கிறார். அண்ணாச்சி சொன்னபடி, பொறுத்துக் கேட்கிறார்.

அந்தக் கேஸட்டைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது. பழைய நாடாக்களைக் கைபேசியில் கேட்கும்படி மாற்றித் தரும் கடை ஒன்றை மகள் விசாரித்து வைத்திருக்கிறாள். நாடா இன்னும் ஒரு தடவை ஓடுவதற்குத் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வேண்டாத இரைச்சல்களையெல்லாம் நீக்கி, புதிது போலச் செய்து தருவதாகவும் சொன்னாராம்.

பெரியவர் பதறிப்போய்விட்டார்.

“இரைச்சல் எதையும் எடுக்க வேண்டாம்னு சொல்லும்மா. தண்ணி வந்தாச்சுன்னு ஒரு பையன் கத்துவான். அப்புறம் ஒருத்தர் இருமுவார். அது ரெண்டும் அப்படியே இருக்கணும்.”